முப்பத்து மூன்று டிகிரி தண்ணீர்

எங்கள் கண்ணாடிக் கடையில் அவருக்குப் பெயர் ‘எதுக்கும்’. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதை யாரும் வெளியே எடுத்ததில்லை. வாயைத் திறந்தால் அந்த வார்த்தையில்தான் ஆரம்பிப்பார். “எதுக்கும் இன்னொரு தடவை பவரைப் பாத்துடுங்க.” “எதுக்கும் ஒரு குடை எடுத்துட்டுப் போங்க.” “எதுக்கும் அந்த வீட்டு நாயைக் கட்டியிருக்காங்களான்னு கேட்டுட்டு உள்ள போங்க.” முன்பக்கம் கண்ணாடி வாங்க வருகிறவர்களுக்கு அவரைத் தெரியாது. பின்கட்டில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைக்கிற மேசையில், இருபத்திரண்டு வருஷமாக என் பக்கத்து ஸ்டூலில் இருக்கிறார்.

லென்ஸ் தேய்க்கிற சக்கரத்தின் மேல் எந்நேரமும் மெல்லிய தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் அந்த மெஷின் அவருக்கு ஷாக் கொடுத்தது. ஸ்டூலோடு பின்னால் போய் விழுந்தார். வேறு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ரப்பர் செருப்பை மாட்டி, டெஸ்டரால் மெஷினின் உடம்பைத் தொட்டுப் பார்க்காமல் உட்கார்ந்ததே இல்லை. தினமும் பார்ப்பார். தினமும் நாங்கள் சிரிப்போம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள்; இவருக்குப் பட்டப்பகலிலும் பேய்தான்.

அவருடைய வீடு மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்தளம். அதற்கு மேலே வெறும் மொட்டை மாடி. மனைவி துணி வெளுக்கும் நிறுவனமொன்றில் மேற்பார்வை வேலை பார்க்கிறார். ஒரே பெண், பதினான்கு வயது. அதிகம் பேசாத பிள்ளை. கூடத்தில் மூன்றடி நீளத்துக்கு ஒரு மீன்தொட்டி வைத்து, ஆறு தங்க மீன்கள் வளர்த்தாள். பள்ளியில் நடப்பதை அம்மாவிடம் சொல்ல மாட்டாள், மீன்களிடம் சொல்வாள் என்று அவர் என்னிடம் ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டார். வயிறு பெருத்த ஒரு மீனுக்குக் ‘குண்டன்’ என்று பெயர். இன்னொன்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் பார்வையிடுகிற தோரணையில் தொட்டியைச் சுற்றி வரும். அதற்கு ‘ஹெட்மாஸ்டர்’.

அந்த வருஷக் கோடையை நாங்கள் யாரும் மறக்க மாட்டோம். கடையில் ஃபிரேம்களின் பிளாஸ்டிக் கையில் ஒட்டியது. அவர் வீட்டுக் கூரை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு மாலையில் அதை வீட்டுக்குள் இறக்கும். தொட்டியின் உட்பக்கம் ஒட்டியிருந்த தெர்மாமீட்டரை அவர் கடிகாரம் பார்ப்பதுபோலப் பார்க்க ஆரம்பித்தார். காலையில் இருபத்தொன்பது. மத்தியானம் முப்பத்தொன்று. மீன்கள் மேலே வந்து, தண்ணீருக்கு வெளியே வாயை நீட்டி, காற்றைக் கவ்விக் கவ்விக் குடித்தன. பள்ளி விடுமுறை; பெண் தொட்டியை விட்டு நகரவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட அங்கேயே கொண்டு போனாள்.

அவர் மீன் கடைக்காரரிடம் ஓடினார்.

“தண்ணி சூடாக ஆக அதுல காத்து கரையாது சார். மீனுக்கு மூச்சு முட்டும்,” என்றார் கடைக்காரர். “லைட்டைப் போடாதீங்க. தீனியைப் பாதியாக் குறைங்க. ஜன்னலை மூடி வைங்க. பாட்டில்ல தண்ணி ஊத்தி உறைய வச்சு, மூடியை இறுக்கிட்டு மிதக்க விடுங்க. ஐஸை நேரா உள்ள கொட்டிடாதீங்க. திடீர்னு குளுந்தாலும் செத்துப்போயிடும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி இறங்கினாப் போதும்.”

“எதுக்கும் இதை எழுதித் தர்றீங்களா?”

கடைக்காரர் எழுதித் தந்தார். அவர் அதைத் தொட்டிக்கு மேல் சுவரில் ஒட்டி, எழுத்துப் பிசகாமல் நடந்தார். ஃப்ரீசரில் மற்ற எதற்கும் இடமில்லாமல் பாட்டில்கள் நிறைந்தன. ஐஸ் உருகிய பாட்டிலை எடுத்து, உறைந்த பாட்டிலைப் போடுவது வீட்டில் ஒரு வேலையாகவே ஆனது. கடையிலிருந்து மத்தியானம் மகளுக்கு போன் போடுவார். “எவ்வளவு காட்டுது?” என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் முகம் சுருங்கி, மறுபடி லென்ஸைக் கையில் எடுப்பார். இரண்டு லென்ஸை அந்த வாரம் உடைத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அதற்கு முன் அவர் உடைத்து நான் பார்த்ததில்லை.

பிறகு கரண்டு போக ஆரம்பித்தது. மத்தியானத்தில் ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம். தொட்டிக்குக் காற்று அடிக்கிற மோட்டார் நிற்கும்; ஃப்ரீசரில் பாட்டில் உறையாது. கரண்டு போய்விடக் கூடாது, போய்விடக் கூடாது என்பதே அவருக்கு ஜபமாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை தண்ணீர் முப்பத்து மூன்றைத் தொட்டது. குண்டன் பக்கவாட்டில் சாய்ந்து, கல்லின் மேல் கிடந்தது. பெண் அழக்கூட இல்லை. “அது என்னையே பாக்குதுப்பா,” என்றாள்.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்தார். அவர் மனைவியின் அண்ணன். லாரி ஓட்டுகிறவர், ஒரு சுமை இறக்கிவிட்டு அடுத்த சுமை கிடைக்கிற வரைக்கும் தங்கையின் வீட்டில் தங்குவார். இவர் ‘எதுக்கும்’ என்றால் அவர் ‘ஒண்ணும் ஆகாது’. பிரேக் சரியில்லாத வண்டியில் மலை இறங்கிய கதைகளெல்லாம் அவரிடம் உண்டு. தங்கை மகள் என்றால் உயிர். தொட்டியைப் பார்த்தார், பெண்ணின் முகத்தைப் பார்த்தார், வெளியே போய் ஒரு சின்ன ஃபேனோடு வந்தார். கிளிப் வைத்த, எங்கே வேண்டுமானாலும் மாட்டுகிற ஃபேன்.

“தண்ணி மேல காத்து அடிச்சா தானா குளிரும் மாப்ளே. லாரிக்காரன் ஈரத் துணியைச் சுத்திப் பாட்டிலை ஜன்னல்ல தொங்க விடறதில்லையா, அது மாதிரி.”

“எதுக்கும் வேண்டாம் மச்சான். தண்ணிக்குப் பக்கத்துல கரண்டு.”

“ஒண்ணும் ஆகாது. நாட்டுல பாதிப் பேரு இப்படித்தான் மாட்டி வச்சிருக்கான்.”

அது பொய்யில்லை. மீன் கடைக்காரரும் ஃபேன் நல்லதுதான் என்றார், கெட்டியாக மாட்ட வேண்டும் என்று மட்டும் சேர்த்துச் சொன்னார். இவர் மகளைப் பார்த்தார். சாய்ந்து கிடந்த மீனைப் பார்த்தார். “சரி” என்றார். அந்தச் சரியைப் பற்றிப் பிறகு என்னிடம் எத்தனையோ தடவை பேசியிருக்கிறார்.

ஃபேன் வேலை செய்தது. மறுநாள் மத்தியானம் தெர்மாமீட்டர் முப்பதுக்குக் கீழே வந்தது. குண்டன் நிமிர்ந்தது, ஹெட்மாஸ்டர் சுற்றுப் பார்வையைத் தொடங்கியது. பெண் சிரித்தாள். மச்சான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார். இவர் மட்டும் கிளிப்பை நம்பாமல், ஃபேனின் கழுத்தில் கயிறு கட்டிச் சுவரில் இருந்த ஆணியோடு இறுக்கி வைத்தார். “கழுத்துல கயித்தைப் போட்டுட்டீங்களே, ஃபேன் எங்கயும் ஓடிடுமா?” என்று மச்சான் கேலி பண்ணினார். இரவு எழுந்து போய் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுத்ததாக இவரே சொன்னார்.

ஐந்தாம் நாள் கடைக்கு வார விடுமுறை. காலையில் மச்சான் ஃபேனைக் கொஞ்சம் தாழ்த்தித் திருப்புவதற்காகக் கயிற்றை அவிழ்த்தார், திரும்பக் கட்டவில்லை. இவர் அதைக் கவனித்தார். சாப்பிட்டுவிட்டுக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

மத்தியானம் இரண்டரை மணி. மனைவி வேலைக்குப் போயிருந்தார். திரையெல்லாம் இழுத்துவிட்டதில் கூடம் மங்கலாக இருந்தது. மச்சான் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பெண் தரையில் குப்புறப் படுத்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள். இவர் சமையலறையில் பாட்டில்களுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை, குளத்தில் கல் போட்டதுபோல ஒரு ‘தொபுக்’. உடனே தண்ணீர் தரையில் சிதறுகிற சத்தம்.

பாட்டிலைப் போட்டுவிட்டு சமையலறை வாசலுக்கு வந்தார். ஃபேன் தொட்டிக்குள் கிடந்தது. அதன் வயர் கண்ணாடி விளிம்பைத் தாண்டி, சுவர் பிளக்கில் இன்னும் சொருகியிருந்தது. பெண் எழுந்து, ஈரத் தரையின் ஓரத்தில், கையை நீட்டியபடி இரண்டு எட்டு வைத்திருந்தாள்.

“தொடாதே!”

அப்படி ஒரு குரல் தன்னிடம் இருந்தது அவருக்கே தெரியாது. கீழ்த்தளத்தில் குடியிருக்கும் டாக்ஸி டிரைவர், அந்தச் சத்தத்தில்தான் தூக்கத்திலிருந்து எழுந்தேன் என்று என்னிடம் சொன்னார். பெண் அப்படியே நின்றுவிட்டாள். மீனைப் பார்த்து அல்ல, அப்பாவைப் பார்த்துப் பயந்து நின்றாள்.

ஆனால் அதே சத்தத்தில் மச்சானும் எழுந்துவிட்டார். தூக்கம் கலையாத கண்ணோடு, வெறுங்காலோடு, நேராகத் தண்ணீரில் கால் வைத்து வந்தார்.

“என்னாச்சு? ஃபேன் விழுந்துடுச்சா?”

“மச்சான், நில்லுங்க! கரண்டு!”

“கரண்டு எங்க இருக்கு, ஃபேன்தான் நின்னுபோச்சே. கரண்டு போயிருக்கு மாப்ளே. ஒண்ணும் ஆ—”

தொட்டிக்குள் கையை விட்டார்.

அதற்குப் பிறகு வந்த சத்தத்தை இவர் எனக்குச் செய்து காட்ட முயன்று, முடியாமல் நிறுத்திவிட்டார். மனிதன் போடுகிற சத்தமாக அது இல்லை என்றார். மச்சானின் விரல்கள் ஃபேனின் கம்பிக் கூட்டைப் பிடித்துக்கொண்டன, விடவில்லை. பல் கிட்டித்துப் போயிற்று. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்து, அந்தப் பெரிய உடம்பு இடமே நகராமல் அதிர்ந்தது. தொட்டித் தண்ணீர் சிற்றலையாக நடுங்கியது.

“மாமா!” என்று பெண் அவருடைய சட்டையைப் பிடிக்கப் போனாள்.

இவர் பாய்ந்து அவள் பின்னலைப் பிடித்து இழுத்தார். வேறு எதுவும் கைக்கு எட்டவில்லை. இழுத்த வேகத்தில் அவள் சோபாவின் கையில் முழங்கை இடித்து விழுந்தாள். “அங்கயே இரு! எழுந்தா கொன்னுடுவேன்!” பிறந்ததிலிருந்து அவளை ஒரு அதட்டுக்கூட அதட்டாதவர்.

பிளக், தொட்டிக்குப் பின்னால் இருந்தது. சுவரெல்லாம் ஈரம். மெயின் சுவிட்ச், வீட்டுக் கதவுக்கு வெளியே மாடிப்படிச் சுவரில். மச்சானைப் பிடித்து இழு, இழு என்று கை அரித்ததாம். இழுத்தால் இரண்டு பேர், பிறகு அந்தப் பெண்ணும் சேர்ந்து மூன்று பேர். திரும்பி ஓடினார்.

கதவில் மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள், நடுவில் சங்கிலி. மூன்றும் போட்டிருந்தது. போட்டவர் அவர்தான், பட்டப்பகலிலும் போடுவார், எதுக்கும் இருக்கட்டும் என்று. மேல் தாழ்ப்பாள் வந்தது. சங்கிலி வந்தது. கீழ்த் தாழ்ப்பாள் எப்போதும்போல இறுகிக்கொண்டது. குனிந்து அதை ஆட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கரண்டு போகட்டும், போய்த் தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டார். அந்தக் கோடை முழுவதும் வேண்டாத நேரத்தில் போன கரண்டு அன்றைக்குப் போகவில்லை.

தாழ்ப்பாள் விட்டது. வெளியே பாய்ந்து சுவிட்சைக் கீழே இழுத்தார். வீட்டுக்குள் ஃப்ரிட்ஜின் முனகல் நின்றது. பாரமான ஒன்று தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது மச்சான் தண்ணீரில் மல்லாந்து கிடந்தார். உதடு நீலம். நெஞ்சு அசையவில்லை. இவர் அவருடைய கன்னத்தைத் தட்டினார், “மச்சான், மச்சான்” என்றார், பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

“நெஞ்சுல அழுத்தணும்ப்பா,” என்றாள் பெண். சோபாவை விட்டு அவள் எழவில்லை. எழக் கூடாது என்று அப்பா சொன்னதை அப்போதும் மீறவில்லை. “ஸ்கூல்ல காட்டினாங்க. நடுவுல. ரெண்டு கையும் சேத்து. நான் எண்றேன்.”

அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அழுதுகொண்டே, ஆனால் தாளம் தப்பாமல் எண்ணினாள். இவர் முட்டி போட்டு அழுத்தினார். முப்பது ஆனதும் மறுபடி ஒன்று. கைக்குக் கீழே ஏதோ ‘மளுக்’ என்றது. நிறுத்தப் போனார். “நிறுத்தாதீங்கப்பா!” மாடிப்படியில் டாக்ஸிக்காரர் ஏறி வருகிற சத்தம் கேட்டபோது எத்தனையாவது முப்பது என்று இருவருக்கும் தெரியாது. மச்சானின் தொண்டையில் ஒரு இருமல் வந்தது. பிறகு கிழிகிற துணிபோல ஒரு மூச்சு.

ஆஸ்பத்திரியின் வெளி பெஞ்சில் மூன்று மணி நேரம். மனைவி வேலை உடுப்போடு ஓடி வந்தார். இவர் எழுந்து நின்றார்.

“நான்தான் சரின்னேன்,” என்றார். “கயிறு அவுந்து கிடந்ததையும் பாத்தேன்.”

மனைவி அவர் தோளைப் பிடித்தார். “முதல்ல உக்காருங்க,” என்றார். கணவரை ஒரு பக்கமும் மகளை இன்னொரு பக்கமும் உட்கார வைத்துக்கொண்டு, நடுவில் உட்கார்ந்து, மச்சானைக் கொண்டுபோன கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை கதவு திறந்தபோதும் மூன்று பேரும் எழுந்தார்கள். யாரோ வேறு யாரையோ கூப்பிட்டார்கள். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

கடைசியில் டாக்டர் வந்தார். நின்றது மூச்சு மட்டுமா, இதயமுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். இதயத் துடிப்பு இன்னும் ஒழுங்காகவில்லை, இரண்டு நாள் மெஷினில் வைத்துப் பார்க்க வேண்டும். வலது கையில் தீக்காயம். விலா எலும்பு இரண்டில் விரிசல். “யார் அழுத்தினது?” என்று கேட்டார். இவர் குற்றவாளிபோலக் கையைத் தூக்கினார். “நல்லா அழுத்தியிருக்கீங்க,” என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

உள்ளே விட்டபோது மச்சான் கண்ணைத் திறந்திருந்தார். குரல் கரகரத்தது.

“மாப்ளே. காப்பாத்தினது சரி. அதுக்காக எலும்பை உடைக்கணுமா?”

இவருக்கு அங்கேதான் அழுகை வந்தது.

சாயங்காலம் இவரும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். மெயின் சுவிட்ச் கீழே இறங்கியபடியே இருந்தது. எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்காமல் அதைத் தொட யாருக்கும் தைரியமில்லை. காற்று மோட்டார் நான்கு மணி நேரமாக ஓடவில்லை. வீடு சூளையாக இருந்தது. பெண் வாசற்படியைத் தாண்டவில்லை. இவர் மட்டும் உள்ளே போனார். பிளக்கைப் பிடுங்க டாக்ஸிக்காரரின் ரப்பர் கையுறையைக் கடன் வாங்கிப் போனார். தெர்மாமீட்டர் முப்பத்து நான்கு. ஹெட்மாஸ்டரும் இன்னொரு மீனும் வயிறு மேலே தெரிய மிதந்தன. மற்ற நான்கும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

ஃபேனை ஒரு துணி உலர்த்தும் கொம்பால் கோத்து வெளியே எடுத்தார். வாளியில் பிடித்து வைத்திருந்த பழைய தண்ணீரை, ஒரு சொம்பால் மொண்டு உயரத்திலிருந்து சன்னமாக ஊற்றினார். ஊற்றுகிற வேகத்தில் தண்ணீருக்குக் காற்று கிடைக்கும். மூன்று பக்கக் கண்ணாடியிலும் ஈரத் துண்டைப் போர்த்தினார். ஊற்றினார், மொண்டார், ஊற்றினார். தோள் கழன்றுவிடும்போல வலித்தது. “எத்தனை இருக்குப்பா?” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. “நாலு,” என்றார். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்து, கரண்டு கசிந்தால் அந்தக் கணமே தானாக விழுந்துவிடுகிற ட்ரிப் சுவிட்சை மாட்டிவிட்டுப் போனார். “இது மட்டும் நேத்து இருந்திருந்தா உங்க மச்சானுக்கு ஒரு சுளீர்னு மட்டும்தான் இருந்திருக்கும்,” என்றார். எத்தனை பழைய வீடுகளில் இது இல்லை தெரியுமா என்று அவர் சொல்லச் சொல்ல, இவருக்கு மயக்கம் வந்தது. அடுத்த வாரம் எங்கள் கடையில் ஒவ்வொருவரிடமும் போய், “எதுக்கும் உங்க வீட்டுல இருக்கான்னு பாருங்க,” என்றார். யாரும் சிரிக்கவில்லை. நான் அன்று மாலையே போய்ப் பார்த்தேன். இல்லை.

வெயில் அதற்குப் பிறகும் பன்னிரண்டு நாள் காய்ந்தது. ஃபேன் இல்லாமல் பாட்டில், ஈரத் துண்டு, சொம்பு என்று அந்த நான்கு மீன்களையும் அவர் இழுத்துக்கொண்டு வந்தார். மச்சான் வீடு திரும்பிவிட்டார். வலது கையில் இரண்டு விரலுக்கு இன்னும் உணர்வு வரவில்லை. ஸ்டியரிங் பிடிக்கலாமா கூடாதா என்று ஆறு மாதம் கழித்துத்தான் சொல்வார்களாம். இப்போது அவரே பிளக்கைப் போடுவதற்கு முன்னால் இவரைக் கூப்பிடுகிறார்.

பெண்தான் மாறிவிட்டாள். தொட்டிக்குப் பக்கத்தில் வர மாட்டாள். குளிக்கும்போது வாளித் தண்ணீரில் விரலை வைக்கத் தயங்கினாள். குழாயைத் திறக்க அம்மாவைக் கூப்பிட்டாள். சுவிட்ச் போடும் சத்தம் கேட்டால் தோளைக் குறுக்கினாள்.

“எனக்குத் தெரியும் அது என்னன்னு,” என்றார் என்னிடம், லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு. “இருபது வருஷமா எனக்குத் தெரியும். அவளுக்கு வேண்டாம்.”

ஒரு விடுமுறை நாள் காலையில் மகளைக் கூப்பிட்டு, தொட்டியிலிருந்து நான்கடி தள்ளி ஸ்டூலில் உட்கார வைத்தார். மோட்டார் வயர், லைட் வயர் இரண்டையும் பிடுங்கி, அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மேசையில் சுருட்டி வைத்தார். வெளியே போய் மெயினையும் இறக்கிவிட்டு வந்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் நின்றார்.

நின்றுகொண்டே இருந்தார். எங்கேயும் கரண்டு இல்லை என்று மூளைக்குத் தெரிகிறது, கை கேட்க மாட்டேன் என்கிறது. மச்சானின் கழுத்து நரம்பு கண் முன்னால் வந்தது. முதுகில் வேர்வை வழிந்தது.

“பயமா இருக்காப்பா?”

“இருக்கு.”

“அப்ப வேண்டாம்ப்பா.”

அவர் கையை விட்டார். மணிக்கட்டு வரை, பிறகு முழங்கை வரை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மீன்கள் ஒரு மூலைக்கு ஓடின. அவர் கையை எடுக்கவில்லை. ஐந்து நிமிஷம் இருந்திருக்கும். குண்டன் மெல்ல வந்து அவர் விரலை முகர்ந்துவிட்டுப் போயிற்று.

ஸ்டூல் நகருகிற சத்தம் கேட்டது. பெண் எழுந்து வந்து அவருடைய சட்டையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். வலது கையின் ஆள்காட்டி விரலைத் தண்ணீரின் மேல் கொண்டுவந்தாள். வைத்தாள், உடனே எடுத்தாள். விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகம் மட்டும் நனைந்திருந்தது.

“இன்னிக்கு இது போதும்,” என்றார் அவர்.